திறந்த மூல வீடியோ ப்ளேயர்கள்: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

கணினியில் வீடியோ ஓடவில்லை என்றால் என்னைக் கூப்பிடும் பழக்கம் சுற்றியுள்ளவர்களுக்கு எப்படியோ வந்துவிட்டது. எல்லோரும் "ப்ளேயர் சரியில்லை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். போய்ப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் கோப்பில் இருக்கும், இல்லாவிட்டால் எழுத்துருவிலோ கிராபிக்ஸ் சில்லிலோ இருக்கும். பாவம் ப்ளேயர், எதிரே நிற்பதால் அடி வாங்குகிறது. அடிக்கடி வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். வி.எல்.சி என்று சொல்லும் இடங்களில் அதன் மூன்றாம் பதிப்பையே குறிப்பிடுகிறேன்.

1. வி.எல்.சி இலவசம்னு தெரியும். அதுக்கு மேல "ஓப்பன் சோர்ஸ்"னு என்ன பெருமை?

பாட்ப்ளேயர், கோம் ப்ளேயர் போன்றவற்றையும் காசு கொடுக்காமல் போட்டுக்கொள்ளலாம். ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வெளியாள் பார்க்க முடியாது. வி.எல்.சி, எம்.பி.வி போன்றவற்றின் மூல நிரலை யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அதே நிபந்தனைகளோடு வெளியிடலாம்.

"எனக்கு நிரலே எழுதத் தெரியாது, எனக்கு இதில் என்ன?" என்று அடுத்து கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது எம்.பி.சி-ஹெச்.சி-யின் கதை. விண்டோஸில் ஓடும் மீடியா ப்ளேயர் கிளாசிக்கை 2003-இல் ஒரு தனி மனிதர் எழுதினார். அவர் கைவிட்ட பிறகு 2006-இல் வேறு சிலர் அதை எடுத்து எம்.பி.சி-ஹெச்.சி என்று வளர்த்தார்கள். 2017 ஜூலையில் அவர்களும் வேலை செய்ய ஆளில்லை என்று கடைசிப் பதிப்பை வெளியிட்டுக் கையைக் கழுவினார்கள். நிரல் பொதுவில் இருந்ததால் இன்னொருவர் எடுத்துக்கொண்டார். இப்போதும் புதுப் பதிப்புகள் வருகின்றன. மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் அப்போதே மூட்டை கட்டியிருக்க வேண்டியதுதான்.

2. சும்மா கொடுக்கிறாங்கன்னா யார் இவங்க? இதுல அவங்களுக்கு என்ன லாபம்?

வி.எல்.சி-யை நடத்துவது வீடியோலேன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு. 1996-இல் பாரிஸ் அருகே எகோல் சென்ட்ரால் பொறியியல் கல்லூரியில் மாணவர் திட்டமாகத் தொடங்கியது. விடுதியின் கணினி வலை மந்தமாக இருந்தது. வேகமான வலை வேண்டுமென்றால் அதற்கொரு காரணம் காட்ட வேண்டும். செயற்கைக்கோள் தொலைக்காட்சியை வலை வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். அனுப்பும் பக்கம் ஒரு நிரல், பெறும் பக்கம் ஒரு நிரல். பெறும் பக்க நிரல்தான் 'வீடியோலேன் கிளையன்ட்', சுருக்கமாக வி.எல்.சி. 2001 பிப்ரவரியில் கல்லூரியின் அனுமதியோடு அதன் நிரல் பொதுவில் திறக்கப்பட்டது. அந்த ஆரஞ்சு நிறச் சாலைக் கூம்பும் அந்த மாணவர்கள் தெருவிலிருந்து தூக்கிவந்து சேர்த்த கூம்புகளின் நினைவாக வந்ததுதான். டிசம்பர் கடைசியில் அதன் தலையில் சிவப்புக் குல்லா ஏறும். வைரஸ் வந்துவிட்டதோ என்று ஒருவர் பதறிப்போய்க் கேட்டிருக்கிறார். வருடா வருடம் வரும் விளையாட்டு அது, பயப்பட ஒன்றுமில்லை.

ப்ளேயருக்குள் விளம்பரம் கிடையாது. நன்கொடையும் தன்னார்வலர் உழைப்பும்தான் அமைப்பின் அடிப்படை. அதோடு, இந்த நிரலை நன்கு அறிந்தவர்கள் நிறுவனங்களுக்கு ஆலோசனை வேலை செய்து சம்பாதிக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் மொத்தப் பதிவிறக்கம் 600 கோடியைத் தாண்டியதாக வீடியோலேன் அறிவித்தது.

3. வி.எல்.சி-யைத் தவிர வேற என்ன இருக்கு? நான் எதைப் போடட்டும்?

குழப்பம் வேண்டாம் என்றால் வி.எல்.சி போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிறுவியதுமே ஏறக்குறைய எல்லா வகைக் கோப்பும் திறக்கும்.

நான் அன்றாடம் பார்ப்பது எம்.பி.வி-யில். 2000-இல் பிறந்த எம்ப்ளேயரின் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம்: எம்ப்ளேயரிலிருந்து எம்ப்ளேயர்2 பிரிந்தது, அதிலிருந்து இது. திறந்தால் ஒரு கருப்பு ஜன்னல், சுட்டியை அசைத்தால் ஒரு பட்டை, அவ்வளவுதான். அமைப்புகளை ஒரு உரைக் கோப்பில் கையால் எழுத வேண்டும். பட்டனும் மெனுவும் இல்லாமல் கை ஓடாது என்பவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் எம்.பி.வி-யையே எஞ்சினாக வைத்துக்கொண்டு மேலே முகப்பு கட்டியவற்றை எடுக்கலாம்: மேக்கில் ஐனா, லினக்ஸில் செல்லுலாய்டு அல்லது ஹருணா, விண்டோஸிலும் லினக்ஸிலும் எஸ்.எம்.ப்ளேயர். பழைய விண்டோஸ் கணினிக்கு எம்.பி.சி-ஹெச்.சி நல்ல துணை. கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, படத் தொகுப்பை அட்டைப்படங்களோடு அடுக்கி, தூர உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் கோடி. இது பணத்தைக் குறிக்கும் கோடி இல்லை, 2014 வரை எக்ஸ்.பி.எம்.சி என்று அழைக்கப்பட்ட மென்பொருளின் இப்போதைய பெயர்.

இவற்றில் பலவற்றுக்குள் ஓடுவது எஃப்.எஃப்.எம்பெக் என்ற ஒரே நூலகம்தான் (நூலகம் என்றால் மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு). 2000-இல் ஃபப்ரிஸ் பெல்லார் தொடங்கியது. அதனால் "இதில் ஓடாதது அதில் ஓடும்" என்ற நம்பிக்கையோடு நான்கு ப்ளேயர்களை வரிசையாக நிறுவிப் பார்ப்பது பெரும்பாலும் வீண் வேலை.

4. தேடினா ஏகப்பட்ட டவுன்லோட் தளம் வருது. எதுல இறக்கறது?

அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்தில் மட்டும். லினக்ஸ் என்றால் உங்கள் விநியோகத்தின் (உபுண்டு, ஃபெடோரா போன்றவை) மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கும். தேடல் முடிவுகளில் முதலில் விளம்பரமாக வருவதை அழுத்தாதீர்கள். வி.எல்.சி-யின் கூம்பைப் போட்டு, கூடவே வேண்டாத நிரல்களைக் கட்டிக்கொடுத்த போலித் தளங்கள் நிறைய இருந்திருக்கின்றன. இவற்றை வாங்க யாராவது கடன் அட்டை எண் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

5. எம்.பி.4 ஓடுது. இன்னொரு எம்.பி.4 ஓட மாட்டேங்குது. ரெண்டும் ஒண்ணுதானே?

பெயர் ஒன்று, சரக்கு வேறு. எம்.பி.4, எம்.கே.வி, ஏ.வி.ஐ எல்லாம் டப்பாக்கள். டப்பாவுக்குள் படம் ஒரு முறையிலும் ஒலி இன்னொரு முறையிலும் சுருக்கப்பட்டிருக்கும். அந்தச் சுருக்கும் முறைக்குப் பெயர்தான் கோடெக். ஒரு எம்.பி.4-க்குள் ஹெச்.264 படம் இருக்கலாம், இன்னொன்றில் 2013-இல் வந்த ஹெச்.265, மற்றொன்றில் 2018-இல் வந்த ஏ.வி.1. தொலைக்காட்சியோ பழைய கணினியோ முதலாவதை மட்டும் அறிந்திருந்தால் மற்ற இரண்டின் முன்னால் திருதிருவென்று விழிக்கும்.

வி.எல்.சி-யில் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஜே விசையைத் தட்டினால் உள்ளே என்ன கோடெக் என்று காட்டும். எம்.பி.வி-யில் ஐ விசை. யாரிடமாவது உதவி கேட்கும்போது "எம்.பி.4 ஓடலை" என்று சொல்வதைவிட இதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

6. "கோடெக் பேக் நிறுவுங்கள்"னு ஒரு அறிவிப்பு வந்துச்சு. போடட்டுமா?

வேண்டாம். மேலே சொன்ன ப்ளேயர்கள் தங்களுக்குத் தேவையான கோடெக்குகளைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. வெளியிலிருந்து பேக் போட வேண்டியிருந்தது அந்தக் காலத்து விண்டோஸ் பழக்கம். வீடியோவே ஓடி, அதன் நடுவில் "இந்த முகவரியிலிருந்து கோடெக் இறக்கினால்தான் தெரியும்" என்று எழுத்து வந்தால் அது மோசடி, சந்தேகமே வேண்டாம்.

7. எம்.கே.வி-னு இருந்த பேரை எம்.பி.4-னு மாத்திட்டேன். இப்போ மாறிடுச்சுதானே?

இல்லை. டப்பாவின்மேல் ஒட்டியிருந்த சீட்டைத்தான் மாற்றியிருக்கிறீர்கள். வி.எல்.சி சீட்டை நம்பாமல் உள்ளே பார்ப்பதால் அது ஓட்டிவிடும், தொலைக்காட்சி ஓட்டாது. உண்மையில் மாற்றுவது எப்படி என்று 17-இல் இருக்கிறது.

8. சப்டைட்டில் கோப்பைப் பக்கத்துலயே வச்சிருக்கேன், தானா வர மாட்டேங்குது.

இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சப்டைட்டில் கோப்பை இழுத்து, ஓடிக்கொண்டிருக்கும் படத்தின்மேல் போடுங்கள்.

9. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமா வருது. சில படத்துல கேள்விக்குறியா வருது. வேற ஒண்ணுல ஏதோ பிரெஞ்சு மாதிரி வருது!

மூன்றும் மூன்று நோய். மருந்தும் வேறு வேறு.

வெற்றுக் கட்டங்கள் வந்தால் எழுத்து சரியாக வந்து சேர்ந்திருக்கிறது, அதை வரைய எழுத்துரு இல்லை என்று பொருள். வி.எல்.சி-யில் பிரிஃபரன்சஸ் போய், சப்டைட்டில்ஸ் பகுதியில் எழுத்துருவாக நிர்மலா யூ.ஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்தால் சரியாகும். எழுத்து வந்தும் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கிறது, 'கொ' உடைந்து தெரிகிறது என்றால் உங்களிடம் இருப்பது பழைய வி.எல்.சி. 2018-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் இந்திய எழுத்துகளைச் சேர்த்து வரையும் வேலையைச் செம்மைப்படுத்தினார்கள்.

பிரெஞ்சு மாதிரி என்று ஒருவர் சொன்னதைப் போய்ப் பார்த்தேன். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி, மறுபடி அதே ஏ. திரை முழுக்க இதே அணிவகுப்பு. இதைப் பார்த்தால் நிம்மதியடையுங்கள். யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் எழுதப்பட்ட தமிழின் ஒவ்வொரு எழுத்துக்குறியும் மூன்று பைட்டுகள். ப்ளேயர் அதை மேற்கு ஐரோப்பிய முறை என்று தவறாக எண்ணி ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாகக் காட்டுகிறது. தமிழ் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே என்பதால் அந்த ஏ திரும்பத் திரும்ப வருகிறது. கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே சப்டைட்டில்ஸ் பகுதியில் டீஃபால்ட் என்கோடிங் என்பதை யூ.டி.எஃப்-8 என்று மாற்றி, வி.எல்.சி-யை மூடித் திறங்கள். அந்த ஏ அணிவகுப்பு இல்லாமல் கலவையான கிறுக்கல்களாக வந்தால், யூனிகோடுக்கு முந்தைய தஸ்கி போன்ற முறையில் தட்டச்சு செய்த கோப்பாக இருக்கலாம். அதை எழுத்துரு மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்க வேண்டும்.

கேள்விக்குறிகள்தான் கெட்ட செய்தி. கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கேயும் கேள்விக்குறிதான் என்றால் யாரோ சேமிக்கும்போது தமிழுக்கு இடமில்லாத முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எழுத்துகள் அந்த நொடியே போய்விட்டன. எந்த ப்ளேயரும் திருப்பித் தர முடியாது, வேறு பிரதி தேடுங்கள்.

10. சப்டைட்டில் முன்னாடியே வந்துடுது. ஒரு தடவை சரி பண்ணா, அரை மணி நேரத்துல மறுபடி தள்ளிப்போகுது.

முதல் பகுதி எளிது. வி.எல்.சி-யில் ஹெச் விசையை ஒரு முறை தட்டினால் சப்டைட்டில் 50 மில்லிநொடி தாமதமாகும், ஜி தட்டினால் அவ்வளவு முன்னே வரும். அதேபோல் வாயசைவும் பேச்சும் பொருந்தாவிட்டால் ஜே, கே விசைகள்.

சரி செய்தும் மெல்ல மெல்ல விலகுகிறது என்றால் நேரத்தைத் தள்ளிப் பயனில்லை, வேகமே வேறு. படம் நொடிக்கு 23.976 சட்டகம் (ஃபிரேம்), சப்டைட்டில் செய்தவர் பார்த்த பிரதி 25 சட்டகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் விலகிவிடும். வி.எல்.சி-யில் கண்ட்ரோலோடு ஈ அழுத்தினால் வரும் ஜன்னலில் சின்க்ரனைசேஷன் என்ற பகுதியில் சப்டைட்டில் வேகத்தை மாற்ற இடம் உண்டு. தொடக்கத்தில் ஒரு வசனம், கடைசியில் ஒரு வசனம் இரண்டையும் வைத்துப் பொருத்திப் பாருங்கள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் சடாரென்று விலகினால் அது வேறு வெட்டுப் பிரதிக்கான சப்டைட்டில். விட்டுவிடுங்கள்.

11. பேசறது கேக்கலைன்னு ஒலியைக் கூட்டினா, சண்டைக்காட்சி வந்ததும் காது கிழியுது. ஏன் இப்படி?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக முறை பதில் சொல்லியிருப்பேன். அந்தப் படத்தின் ஒலி ஆறு ஸ்பீக்கர்களுக்காகப் பிரிக்கப்பட்டது. வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு மட்டும் போகும். இசையும் வெடிச்சத்தமும் மற்றவற்றுக்கு. உங்கள் மடிக்கணினியில் இருப்பது இரண்டே இரண்டு. ஆறையும் இரண்டில் கலக்கும்போது நடு ஒலி குறைக்கப்பட்டு இரு பக்கமும் பங்கிடப்படுகிறது, கூடவே மற்றவற்றின் சத்தமும் அதன்மேல் வந்து விழுகிறது. தவிர, திரையரங்குக்கான கலவையில் கிசுகிசுப்புக்கும் இடிக்கும் இடையே இடைவெளி வேண்டுமென்றே பெரிதாக வைக்கப்பட்டிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, கோப்பிலேயே இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோ ஒலித்தடம் தனியாக இருக்கிறதா என்பது. வி.எல்.சி-யில் பி விசையைத் தட்டத் தட்டத் தடம் மாறும். இல்லையென்றால் 10-இல் சொன்ன அதே ஜன்னலில் ஆடியோ எஃபெக்ட்ஸ், கம்ப்ரஸர் என்பதை இயக்குங்கள். உரத்ததை அமுக்கி, அப்புறம் மொத்தத்தையும் கொஞ்சம் உயர்த்தும் கருவி இது. இசையின் வீச்சு குறையும்தான். ராத்திரி பக்கத்து அறையில் யாரோ தூங்கும்போது அது பெரிய இழப்பாகத் தெரியாது.

12. வி.எல்.சி-ல ஒலி 125 வரை போகுதே, ஸ்பீக்கர் போயிடுமா?

100 என்பது கோப்பில் உள்ளபடியே. அதற்கு மேல் போனால் எண்களைப் பெருக்குகிறது. உச்சத்தைத் தாண்டியவை தட்டையாக வெட்டுப்பட்டு, கரகரப்பாகக் கேட்கும். மெலிதாகப் பதிவான பேச்சுக்கு 125 வைப்பதில் தவறில்லை. கரகரப்பு கேட்டால் குறைத்துவிடுங்கள். அப்படியே மணிக்கணக்கில் அலறவிட்டால் சின்ன ஸ்பீக்கர் சூடாகிக் கெட வாய்ப்புண்டு.

13. 4கே படம் திக்கித் திக்கி ஓடுது, விசிறி ஜெட் மாதிரி கத்துது. வேற ப்ளேயர் போட்டா சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. கோடெக்கை விரிக்கும் வேலையைக் கணினியில் இரண்டு பேர் செய்யலாம்: மையச் செயலி, அல்லது கிராபிக்ஸ் சில்லில் இதற்கென்றே இருக்கும் தனிப் பகுதி. இரண்டாவது ஆள் அலட்டிக்கொள்ளாமல் செய்வான். ஆனால் அவனுக்குத் தெரிந்த கோடெக்குகளை மட்டும்தான் தொடுவான். ஏ.வி.1-ஐ விரிக்கும் பகுதி 2020 வாக்கில் வந்த சில்லுகளிலிருந்துதான் பரவலாகக் கிடைக்கிறது. ஹெச்.264-இலேயே நிறங்களை நுணுக்கமாகப் பதியும் 10-பிட் வகை என்றால் புதிய கணினிகளில்கூடப் பல சில்லுகள் கையை விரிக்கும். அப்போது சுமை முழுவதும் செயலி தலையில்.

வி.எல்.சி-யில் பிரிஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் பகுதியில் ஹார்ட்வேர் முடுக்கம் (வேலையை அந்தச் சில்லிடம் ஒப்படைக்கும் வசதி) ஆட்டோமேட்டிக் என்று இருக்கிறதா பாருங்கள். எம்.பி.வி-யில் இது இயல்பாக அணைந்திருக்கும், கண்ட்ரோலோடு ஹெச் அழுத்தினால் இயங்கும். நேர்மாறாக, பச்சைத் திரையோ சதுரம் சதுரமான சிதைவோ வந்தால் அந்த முடுக்கத்தை அணைத்துப் பாருங்கள். டிரைவர் கோளாறு என்றால் அதோடு சரியாகும். சில்லில் வசதியே இல்லையென்றால் 1080 அளவுப் பிரதியைப் பார்ப்பதுதான் வழி. ஏ.வி.1-க்கு மட்டும் ஒரு ஆறுதல்: வீடியோலேன் குழுவின் டேவிட் என்ற விரிப்பான் செயலியிலேயே நல்ல வேகத்தில் ஓடும்.

14. படம் சாம்பல் பூசின மாதிரி வெளிறிக் கிடக்குது. கோப்பு கெட்டுப்போச்சா?

அது ஹெச்.டி.ஆர் பிரதியாக இருக்கும். மிகப் பிரகாசமான திரைக்காக எழுதிய எண்களைச் சாதாரணத் திரையில் அப்படியே போட்டால் இப்படித்தான் சோகை பிடித்ததுபோல் தெரியும். ப்ளேயர் அந்த ஒளி வீச்சை உங்கள் திரைக்கு ஏற்பச் சுருக்கித் தர வேண்டும். இந்தப் பக்கத்தில் ப்ளேயர் மாற்றச் சொல்லும் ஒரே பதில் இதுதான்: எம்.பி.வி-யில் பாருங்கள். இந்த வேலையை அது எவ்வளவு நன்றாகச் செய்தது என்றால், அந்தப் பகுதியைப் பிரித்தெடுத்து லிப்பிளசீபோ என்ற தனி நூலகமாகவே ஆக்கினார்கள்.

15. பழைய டேப்ல இருந்து மாத்தின வீடியோவுல ஆள் நகர்ந்தா சீப்புப் பல் மாதிரி கோடு வருது.

பழைய தொலைக்காட்சி முறையில் ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும் இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்திலும் பதிவாகும். இரண்டையும் சேர்த்துக் காட்டும்போது நகர்ந்த பொருளின் ஓரம் சீப்பாகத் தெரிகிறது. படம் ஓடும்போது டீஇன்டர்லேஸ் என்பதன் முதலெழுத்தான டி விசையைத் தட்டுங்கள், வி.எல்.சி, எம்.பி.வி இரண்டிலும் அதேதான்.

16. படம் பிடிக்கும்போது கேமரா பாட்டரி போயிடுச்சு. கோப்பு 3 ஜி.பி. இருக்கு, ஆனா எதுலயும் திறக்கலை.

உள்ளே படம் இருக்கிறது, பொருளடக்கம்தான் இல்லை. எம்.பி.4 கோப்பில் எந்தச் சட்டகம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற பட்டியல் மூவ் என்ற பகுதியில் இருக்கும். கேமரா அதை எழுதுவது பதிவை நிறுத்தும்போது, கடைசியில். பாட்டரி நடுவில் போனால் அந்தப் பட்டியல் எழுதப்படுவதே இல்லை. பாதி இறங்கிய எம்.பி.4 பல சமயம் ஓடாததற்கும் காரணம் இதுவே, எம்.கே.வி என்றால் துண்டு துண்டாக எழுதப்படுவதால் இறங்கிய வரை ஓடும். திரையைப் பதிவு செய்யும் ஓ.பி.எஸ் மென்பொருள் எம்.கே.வி-யைப் பரிந்துரைத்து வந்ததும் இதை நினைத்துத்தான்.

என் சொந்தக் கோப்பு ஒன்றுக்கே இது நேர்ந்தது. அன்டிரங்க் என்று ஒரு திறந்த மூலக் கருவி இருக்கிறது. அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை அதற்கு மாதிரியாகக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து, உடைந்த கோப்புக்கு ஒரு பட்டியலை ஊகித்துக் கட்டும். பத்து நொடி வீடியோ ஒன்றைப் புதிதாக எடுத்து மாதிரியாகக் கொடுத்தேன். கடைசிச் சில நொடிகள் தவிர எல்லாம் கிடைத்தது. முயற்சிக்கும் முன் அந்த அட்டையில் வேறு எதையும் பதியாதீர்கள், பிரதி எடுத்து அதில் மட்டும் வேலை செய்யுங்கள்.

17. சரி, எம்.கே.வி-யை எம்.பி.4 ஆக்கணும், நடுவுல ரெண்டு நிமிஷம் வெட்டணும். வி.எல்.சி-லயே முடியுமா?

முடியும், ஆனால் நான் சொல்ல மாட்டேன். வி.எல்.சி-யின் கன்வர்ட் வசதி இயல்பாகப் படத்தை மறுபடி சுருக்கும். நேரமும் போகும், தரமும் குறையும். 5-இல் சொன்ன டப்பாவை மட்டும் மாற்றினால் போதும் என்கிற இடத்தில் எஃப்.எஃப்.எம்பெக் சரக்கைத் தொடாமல் சில நொடிகளில் இடம் மாற்றிவிடும். அதற்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். அது பயமாக இருந்தால் லாஸ்லெஸ்கட் என்ற திறந்த மூல மென்பொருள் இதையே பட்டன்களோடு செய்யும், வெட்டவும் செய்யும். தொலைக்காட்சிக்கு அந்தக் கோடெக்கே தெரியாது என்றால்தான் மறுசுருக்கம் தேவை. அதற்கு ஹேண்ட்பிரேக் என்ற திறந்த மூல மென்பொருள்.

வெட்டிய துண்டு நீங்கள் குறித்த இடத்துக்கு ஓரிரு நொடி முன்னதாகவே தொடங்கினால் பிழையில்லை. சுருக்கிய வீடியோவில் முழுப்படமாக இருப்பவை அங்கொன்றும் இங்கொன்றும்தான். இடையில் இருப்பவை வெறும் மாற்றக் குறிப்புகள். மறுசுருக்கம் இல்லாமல் முழுப்படம் இருக்கும் இடத்தில்தான் கத்தி வைக்க முடியும்.

18. படச் சந்தா செயலியில டவுன்லோட் பண்ணதை வி.எல்.சி-ல போட்டா ஓடலையே?

அது பூட்டிய கோப்பு. சாவி அந்தச் செயலியின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருக்கிறது, வேறு எந்த ப்ளேயருக்கும் அதைக் கொடுக்க மாட்டார்கள். இதற்குக் கோடெக்கும் இல்லை, அமைப்பும் இல்லை. டி.வி.டி-யிலும் பூட்டு உண்டுதான், அதை வீடியோலேனின் லிப்டிவிடிசிஎஸ்எஸ் நூலகம் திறந்துவிடுகிறது. சட்டச் சிக்கலுக்கு அஞ்சிப் பல லினக்ஸ் விநியோகங்கள் அதைத் தாங்களாகச் சேர்ப்பதில்லை, தனியாக நிறுவ வேண்டும். கடையில் விற்கும் ப்ளூ-ரே வட்டுகளின் பூட்டு இன்னும் கெட்டி, சும்மா போட்டால் ஓடாது.

19. வீடியோ கோப்புல வைரஸ் வருமா? அது படம்தானே, நிரல் இல்லையே?

வரலாம். கோப்பைப் படிக்கும் நிரலில் ஓட்டை இருந்தால், அந்த ஓட்டைக்கென்றே செதுக்கிய கோப்பு அதைப் பயன்படுத்தும். 2017 மே மாதம் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சப்டைட்டில் கோப்பு வழியாகவே கணினியைக் கைப்பற்ற முடியும் என்று காட்டினார்கள், வி.எல்.சி, கோடி இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. திருத்தம் உடனடியாக வந்தது. ஐந்து வருடமாகப் புதுப்பிக்காமல் வைத்திருப்பவருக்கு எந்தத் திருத்தமும் போய்ச் சேராது.

செய்தித் தலைப்பைப் பார்த்து அலறவும் வேண்டாம். 2019 ஜூலையில் வி.எல்.சி-யில் பயங்கர ஓட்டை, உடனே நீக்குங்கள் என்று பரவியது. கடைசியில் அது வேறொரு நூலகத்தின் பழைய பதிப்பில் இருந்த பிழை, வி.எல்.சி-யோடு வரும் பிரதியில் ஒரு வருடத்துக்கு முன்பே சரிசெய்யப்பட்டிருந்தது.

20. நான் என்ன பாக்கறேன்னு யாருக்காவது அனுப்புமா?

வி.எல்.சி முதல் முறை திறக்கும்போது படத்தின் விவரங்களை இணையத்தில் தேடலாமா என்று கேட்கும். வேண்டாம் என்று குறியை எடுத்துவிடலாம். இணையத்தைவிட ஆபத்து வீட்டுக்குள்தான்: அண்மையில் பார்த்த கோப்புகளின் பட்டியலை அது மீடியா மெனுவிலேயே வைத்திருக்கும். பிரிஃபரன்சஸில் அதை அணைக்கலாம்.

21. நாங்க எழுதற மென்பொருளுக்குள்ள வி.எல்.சி-யைச் சேர்த்து விக்கலாமா?

ப்ளேயரை அலுவலகத்திலோ கடையிலோ பயன்படுத்த ஒரு தடையும் இல்லை. உங்கள் பொருளுக்குள் வைத்து விற்பதுதான் யோசிக்க வேண்டியது. முழு வி.எல்.சி ஜி.பி.எல் உரிமத்தில் இருக்கிறது. அதன் நிரலைக் கலந்தால் உங்கள் நிரலையும் அதே உரிமத்தில் திறக்க வேண்டிவரும். அதன் எஞ்சினான லிப்விஎல்சி மட்டும் எல்.ஜி.பி.எல் என்ற தளர்வான உரிமத்தில் இருக்கிறது. அதை மாற்றாமல், தனி நூலகமாக இணைத்து, உரிமத்தையும் அதன் நிரல் கிடைக்கும் வழியையும் தெரிவித்தால் உங்கள் நிரலை மூடியே வைத்துக்கொள்ளலாம். ஹெச்.265 போன்ற கோடெக்குகளின் காப்புரிமை இதோடு சேராத தனிக் கணக்கு, அதற்கு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இந்த உரிம விஷயம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2011 ஜனவரியில் ஐபோனுக்கான வி.எல்.சி ஆப்பிளின் கடையிலிருந்து நீக்கப்பட்டது. கடையின் நிபந்தனைகள் ஜி.பி.எல்-லோடு ஒத்துவராது என்று முறையிட்டவர் வி.எல்.சி-யின் நிரலாளர்களில் ஒருவரே. அதே காலத்தில் எஞ்சினின் உரிமத்தை மாற்ற முடிவெடுத்து, நிரல் வரிகள் எழுதியவர்களைத் தேடிப் பிடித்து ஒப்புதல் வாங்கினார்கள். 2013-இல்தான் செயலி கடைக்குத் திரும்பியது.

22. நீங்க சொன்னதெல்லாம் மாத்திப் பாத்தேன், இப்போ எதுவுமே சரியா ஓடலை!

பிரிஃபரன்சஸ் ஜன்னலின் அடியில் ரீசெட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தி, வி.எல்.சி-யை மூடித் திறந்தால் நிறுவிய நாள்போல் ஆகிவிடும். எம்.பி.வி என்றால் நீங்கள் எழுதிய அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றி வையுங்கள்.

அதற்குப் பிறகும் ஓடவில்லை என்றால் வி.எல்.சி-யில் கண்ட்ரோலோடு எம் அழுத்தி, செய்தி அளவை 2 என்று வைத்து, படத்தை ஒருமுறை ஓட்டி, அங்கே வருவதை அப்படியே சேமித்து அனுப்புங்கள். கூடவே 5-இல் சொன்ன கோடெக் விவரமும். திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து "இப்படி வருது" என்று மட்டும் அனுப்பினால், நான் திரும்பக் கேட்கப்போவதும் இதே இரண்டைத்தான்.